வளைகாப்புக்குச் செய்த குச்சி கேக்

ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தாறு வருடம் இருந்தவனுக்கு மெல்லப் பேச வராது. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. காதும் பாதிதான் மிச்சம். அதைவிட மோசமான இன்னொன்றும் மில்லிலிருந்து என்னோடு வீட்டுக்கு வந்தது. எது கெட்டாலும் ஏன் கெட்டது, எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத்தான் தெரியும் என்கிற நினைப்பு. சூப்பர்வைசராக இருந்தவரை அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆன பிறகு என் மனைவி அதைச் சும்மாவே தாங்கிக்கொண்டாள்.

அவளும் வேலைக்குப் போனவள்தான். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருபது வருடம் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மடித்தாள். அவள் மடிக்கும்போது விரல் தெரியாது, துணி தானாக மடிந்துகொண்டு போகிற மாதிரி இருக்கும். எங்களுக்கு ஒரே மகள். அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த வருடமே இவள் கம்பெனியை விட்டுவிட்டு, போனில் வீடியோ பார்த்து கேக் செய்யப் பழகினாள். முதல் நாலைந்து கேக் செங்கல்லாக வந்தது. "இத வச்சு காம்பவுண்டு சுவரே கட்டலாம் போல" என்று நான் கேலி செய்தேன். அவள் கோபப்படவில்லை. அந்தச் செங்கல்லை உதிர்த்து, கொஞ்சம் கிரீம் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, ஒரு குச்சியைச் செருகி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்து நிறுத்தினாள். கடித்தால் மேலே சாக்லேட் மொடுக்கென்று உடைந்து, உள்ளே கேக் மெத்தென்று இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்குக் குச்சி கேக் என்று பெயர் வைத்தார்கள். பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தெருவில் அது இல்லாத வீடு இல்லை என்று ஆனது.

பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னை மில்லில் மறந்துவிட்ட காலத்தில், அவளைத் தேடி ஆள் வருவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது.

போன வருடம் தை மாதம் அவள் கையிலிருந்து உருண்டை நழுவ ஆரம்பித்தது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. காலையில் நன்றாக இருக்கும் கை, வேலை செய்யச் செய்யத் தளர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் சட்டியைத் தூக்க முடியாது. சாயங்காலம் கண் இமைகூடப் பாதி இறங்கிவிடும். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு சொல்வதைச் சதை கேட்கவில்லை என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக்கொடுத்தார். "காலைல ரெண்டு மணி நேரம் கை நல்லாருக்கும்மா. அதுக்கு மேல போட்டு இழுக்காதீங்க. இன்னிக்கு அதிகமா வேலை வாங்கினா நாளைக்கும் எந்திரிக்காது" என்று அவளிடம் நேராகவே சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, திரும்பும் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று கண்டக்டரோடு சண்டை போட்டேன்.

இதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. அப்போது மகள் உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு, பிள்ளையைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும். பேறுகாலம் பார்த்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூன்று மாதம் வைத்திருந்து அனுப்ப வேண்டும். கை வராத தாயிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? இவளுக்கு அந்த ஒரு பயம்தான். நோயைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போனால் சேலை முந்தியால் கையை மூடிக்கொள்வாள். காபி கொடுத்தால், "வயித்துக்கு ஒத்துக்கல மதினி, இப்ப விட்டுட்டேன்" என்பாள். டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கிவிட்டால் என்ன செய்வது?

வைகாசி கடைசியில் மகள் போன் செய்தாள். ஆனியில் வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று, ஒரு புதன்கிழமை.

"ம்மா, அத்தை ஒண்ணு கேக்காங்க. வர்ற பொம்பளையாளுகளுக்கெல்லாம் ஒன்னோட குச்சி கேக் ஆளுக்கு ஒண்ணு கொடுக்கணுமாம். நூத்தியொண்ணு வேணும். முடியுமா?"

பால்கோவா ஊர்க்காரர்கள் எங்களிடம் இனிப்புக் கேட்கிறார்கள் என்று நான் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை. "அதுக்கென்ன, கொண்டு வாரேன்னு சொல்லு" என்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"நூத்தியொண்ணையும் என் கையால செஞ்சு அவிய முன்னால கொண்டு போய் வச்சுட்டா, என் கைக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிரும். பொறவு பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு யாரு சொல்லப் போறா?"

அதற்காக அவள் கணக்காகத் திட்டம் போட்டாள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேக் போடுவது. திங்கள் காலை உதிர்த்து உருட்டி, குச்சி செருகி ஃபிரிட்ஜில் வைப்பது. செவ்வாய் காலை சாக்லேட்டில் முக்குவது. முடிந்ததும் கையைக் கட்டிப்போட்டது போல வைத்துக்கொள்ள வேண்டும், புதன்கிழமை மகளுக்கு வளையல் போட அந்தக் கை வேண்டும். வளைகாப்புக்குக் கொண்டுபோகும் ஏழு வகைச் சோற்றைச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டோம். குச்சி கேக்கை மட்டும் யாரும் தொடக் கூடாது. என் தங்கை உதவிக்கு வருகிறேன் என்றாள். "வேண்டாம் மதினி" என்று இவள் போனிலேயே மறித்துவிட்டாள்.

ஞாயிறும் திங்களும் நல்லபடியாகப் போயின. திங்கட்கிழமை உருட்டிய உருண்டைகளை எண்ணிப் பார்த்து, தட்டைக் கண்ணுக்கு நேரே வைத்து அவள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வருடத்தில் அவள் முகத்தில் நான் பார்க்கவே இல்லை.

செவ்வாய் காலை ஐந்தரைக்கே என்னை எழுப்பினாள். "நான் குளிச்சிட்டு வாரேன். ஃபிரிட்ஜுல இருக்க தட்ட எல்லாம் வெளிய எடுத்து வைங்க. செத்த நேரம் குளிர் விடணும், இல்லன்னா சாக்லேட் வெடிச்சிரும்" என்றாள். எடுத்து வைத்தேன். ஆனி மாதம், விடிகிறபோதே புழுங்கியது. இந்தச் சூட்டில் வெளியே வைத்தால் உருண்டை இளகிக் குச்சியை விட்டுக் கழன்றுவிடாதா? இவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. அத்தனை தட்டையும் திரும்ப ஃபிரிட்ஜில், அதுவும் மேல்தட்டில் ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிட்டேன். அவள் வரும் சத்தம் கேட்டதும் வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

அவள் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கினாள். ஒவ்வொரு குச்சியாக எடுத்து, முக்கி, பாத்திரத்தின் விளிம்பில் மணிக்கட்டால் இரண்டு தட்டு தட்டி, தெர்மாகோலில் துளை போட்டு வைத்த இடத்தில் நிறுத்தினாள். அப்படித் தட்டுவதில் பழைய வேகம் இருந்தது. முப்பது முடிந்திருக்கும். முதலில் நிறுத்திய ஒன்றில், என் பாதிக் காதுக்கே கேட்கும்படி, டிக் என்று ஒரு சத்தம். உச்சியிலிருந்து அடிவரை தலைமயிர் மாதிரி ஒரு விரிசல். அடுத்து இன்னொன்று. பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் வெடித்துவிட்டது.

"குளிர் விடலையே, எப்படி?" என்று அவள் உருண்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, மிச்சத்த இருபது நிமிசம் விட்டுட்டு முக்குவோம். வெடிச்சதுக்கு ரெண்டாந்தடவ முக்கினா மூடிரும். நான் செத்த கையை நீட்டிப் படுத்துக்கிடுதேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே மேற்குக் காற்று ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊரில் ஆனிக் காற்று தோலை உரிக்கிற காற்று. மில்லில் இந்த மாதம் வந்தால் நூல் பொட்டுப் பொட்டென்று அறுபடும். ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் குறையவே விடக் கூடாது. தளம் முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஈரக் காற்றை உள்ளே விட்டால்தான் ஓடும். முப்பத்தாறு வருடம் நான் செய்த வேலை அது. நூல் அறுபடுகிற காற்றில்தான் சாக்லேட்டும் வெடிக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. ஃபிரிட்ஜ் காரணமில்லை, காற்றுதான் காரணம் என்று ஆனதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவள் கம்பெனியிலிருந்து வந்த காஸ் துணி வீட்டில் கட்டுக் கட்டாக இருக்கும். நாலு பெரிய துண்டை நனைத்து அடுப்படி ஜன்னலிலும் வாசலிலும் தொங்கவிட்டேன். தரையில் இரண்டு வாளித் தண்ணீரைத் தெளித்தேன். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ஈரத் துணிக்குப் பின்னால் வைத்துப் போட்டேன். பத்தே நிமிடத்தில் அடுப்படி மில் மாதிரி ஈரமாகக் குளிர்ந்தது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டு வாசலில் போய்ப் பேப்பர் படித்தேன்.

அவள் எழுந்து போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நிறுத்தி வைத்திருந்த கேக்குகள் மேலெல்லாம் வியர்த்து, பளபளப்புப் போய், தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. முக்காமல் வைத்திருந்த உருண்டைகள் ஈரம் குடித்துச் சொதசொதத்திருந்தன. ஃபேன் காற்றில் துணியிலிருந்து தெறித்த தண்ணீர், திறந்திருந்த சாக்லேட் பாத்திரத்தில் விழுந்திருந்தது. உருகிய சாக்லேட்டில் சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், அது திரிந்து களியாகிவிடும். எனக்கு அதுவரை தெரியாது. அவள் கரண்டியைப் போட்டுக் கிண்டிப் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது.

நான் காற்றைப் பற்றியும் ஈரப்பதத்தைப் பற்றியும் சத்தமாக விளக்கம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, மேல்தட்டு ஐஸ் பெட்டியில் ஒட்டியிருந்த கேக் துகளை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இதையும் நீங்கதான் செஞ்சீகளா?"

நான் ஜன்னலில் தொங்கிய ஈரத் துணியை அவிழ்க்கப் போனேன்.

"கை போனவ சொல்லுதான்னுதான கேக்கல?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். அந்த நிமிடம் என்னை நானே எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது மணி எட்டேகால். சாக்லேட் கடையில் கிடைக்கும், கேக் கூட வாங்கிவிடலாம். கை எந்தக் கடையிலும் கிடைக்காது. "விட்டுரு, பேக்கரில ஏதாவது சொல்லிருவோம்" என்றேன். "நானாவது செய்யுதேன்" என்றேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. புதிதாக மாவைச் சலிக்க ஆரம்பித்தாள். என்னைச் சாக்லேட் வாங்க அனுப்பினாள். வேறு எந்த வேலையும் தரவில்லை.

பத்து மணிக்குக் கை தளர்ந்தது. அரைமணி நேரம் படுத்துவிட்டு எழுந்தாள். பன்னிரண்டுக்கு மறுபடி படுத்தாள். மத்தியானம் உருண்டையை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி உருட்டினாள். சாயங்காலம் மணிக்கட்டால் தட்ட வரவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, உடம்பை அசைத்துத் தட்டினாள். இமை இறங்கிக் கண்ணை மறைத்தபோது தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "போதும்டி, கும்பிடுதேன்" என்றுகூடச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நூற்றியொன்றும் முடிந்தன. கோணல்மாணல்தான், சிலவற்றில் சாக்லேட் திட்டுத் திட்டாகத்தான் நின்றது. ஆனால் ஒன்றிலும் விரிசல் இல்லை. அன்று அவளுக்குச் சோற்றை நான்தான் ஊட்டினேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே வேனில் கிளம்பினோம். என் தங்கையும் சொந்தக்காரப் பெண்கள் ஆறேழு பேரும் கூட வந்தார்கள். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்று வரவேற்றார். நல்ல மனுஷி, அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குச்சி கேக் டப்பாவைத் திறந்து, முதல் வேலையாக ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"மதினி, இத ஒத்த ஆளா செஞ்சீகளா? எம்புட்டு வேலை! இந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்றார்.

இவள் முந்திக்குள் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் நிமிர்ந்து நின்றேன். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மகளை மணையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டார்கள். தாய் முறை வந்தது. ஆண்கள் நாங்கள் வாசல் பக்கம் நின்றிருந்தோம். எனக்கு எல்லாம் தெரிந்தது. இவள் சந்தனத்தைத் தொட்டுப் பூசிவிட்டாள். வளையலை எடுத்தாள். பச்சை வளையல். மகளின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, வளையலை நெருக்கித் தள்ள வேண்டும். ஏழாம் மாதத்தில் மகள் கை கொஞ்சம் வீங்கியிருந்தது. வளையல் விரல் முட்டியில் நின்றது. இவள் தள்ளினாள். தோள் அசைந்தது, கை அசையவில்லை. மறுபடி தள்ளினாள். வளையல் நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

பெண்கள் எல்லோரும் உடைந்த துண்டுகளையே பார்த்தார்கள். வளைகாப்பில் வளையல் உடைவதை யாருமே விரும்ப மாட்டார்கள். ஆனால் சம்பந்தியம்மா உடைந்ததைப் பார்க்கவில்லை. என் மனைவி மடியில் மல்லாந்து கிடந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இன்னொரு வளையலை எடுத்து, தாயின் விரல்களுக்கு இடையில் செருகி, அதற்குள் தன் கையைத் தானே நுழைத்துக்கொண்டாள். வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில் சம்பந்தியம்மா எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டார். கதவை ஒருக்களித்துவிட்டு, "மதினி, என்ன செய்யுது உங்களுக்கு?" என்று கேட்டார். நான் வேறு ஏதோ சொல்லப் போனேன். இவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மதுரை டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் கண் கலங்கிக் கேட்டார். பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னது மகள்.

"ம்மா, நான் இங்கயே இருந்துக்கிடுதேன். அத்தை பாத்துக்கிடுவாங்க. நீ ஒன் ஒடம்பப் பாரு."

"ரெண்டு மாசத்துல சரியாயிரும்டி" என்றாள் இவள்.

"சரியானதும் வாரேம்மா" என்றாள் மகள். அவள் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். ஏன் மறைத்தீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் என்னிடம் இருந்தது. முந்தின நாள் அந்தக் கையை முழுசாகத் தீர்த்துவிட்டவன் நான்தான் என்பது. அதைச் சொல்ல அங்கேயும் எனக்குத் தைரியம் வரவில்லை.

போகும்போது நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது என் மனைவிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மகளை உட்கார வைத்து அழைத்து வரலாம் என்று யாரும் உட்காராமல் தலையணை போட்டு விட்டிருந்த இடம். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நான் அதில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் மலை தெரிந்தது. இவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கழுத்துவரை வழிந்துகொண்டிருந்தது. நேற்று நான் செய்தது என்று ஆரம்பித்தேன்.

"அத இப்ப பேசி என்ன ஆகப் போகுது?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கண்ணத் தொடச்சு விடுங்க. கை வரல."

தோளிலிருந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வேன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன்.